அருமையும் எருமையும்

உலகம் தோன்றிய நாள் முதல், கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்ற ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறார். சத்தம் அதிகம் என்பதால் பெயர் முழக்கம்.

பள்ளியின் இணையப் பத்திரிகைக்கு அவனுடைய அக்காதான் ஆசிரியர். வாசகர்களின் கருத்துகளைப் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுவாள். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேட்பாள்.

“நீ ஆசிரியர் இல்லக்கா, டீ வடிகட்டி! யார் எதை எழுதினாலும் அப்படியே போடணும்.”

“உன்னைத் திட்டி எழுதினா?”

“அதை மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.”

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பொறுப்பு முழக்கத்திடம் வந்தது. எழுதியதெல்லாம் உடனே வெளியாகும்படி மாற்றிவிட்டான்.

அன்றுதான் நான்காம் வகுப்புப் பட்டாணியின் முதல் கட்டுரை வெளியானது. ஓடிவரும் பிள்ளைகளுக்காகப் பள்ளிப் பேருந்தை நிறுத்திவைக்கும் ஓட்டுநர் மாமாவைப் பற்றி எழுதியிருந்தாள். பெயரில்லாமல் முதல் கருத்து வந்து விழுந்தது:

“உன் கட்டுரை எருமை!”

அவ்வளவுதான். “கொம்பு எங்கே?” “புல்லு போடுங்கப்பா!” என்று மற்ற பிள்ளைகளும் வரிசை கட்டினார்கள். முழக்கமும் விழுந்து விழுந்து சிரித்தான்.

மாலையில் பட்டாணி கண் சிவக்க வந்து நின்றாள். “அண்ணா, என் கட்டுரையை எடுத்துடுங்க. நான் இனிமே எழுதவே மாட்டேன்.”

முழக்கத்துக்கு வாயடைத்துப்போனது. வரலாற்றில் இதுவே முதல் முறை.

‘எழுதினவரையே கேளு’ என்பாளே அக்கா! ஆசிரியர் மட்டும் பார்க்கும் பக்கத்தில் அந்த வாசகரின் கைப்பேசி எண் இருந்தது. அழைத்தான்.

“ஏங்க எருமைன்னு எழுதினீங்க?”

“எருமையா? அருமைன்னுல்ல தட்டினேன்!” ஓட்டுநர் மாமாவின் குரல். “கண்ணாடி போடாம தட்டினது தம்பி. என்னைப் பத்தி யாருமே ஒரு வரி எழுதினதில்ல. நன்றி சொல்லலாம்னு பார்த்தா, மாடா போச்சா?”

“அதை அவகிட்ட நேர்லயே சொல்லிடுங்க மாமா!”

மறுநாள் பிள்ளைகள் எல்லாரும் ஏறிய பிறகும் பள்ளிப் பேருந்து கிளம்பவில்லை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. பட்டாணி எழுதினது அ-ரு-மை! ரொம்ப நன்றிம்மா.”

பேருந்தே கைதட்டியது. புல் போடச் சொன்னவன்தான் பலமாகத் தட்டினான்.

“நன்றி மாமா. அடுத்தது உங்க கண்ணாடியைப் பத்தி எழுதறேன்!” என்றாள் பட்டாணி.

அன்று மாலை அக்கா போர்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தாள். முழக்கம் சத்தமே இல்லாமல் ஒவ்வொரு கருத்தாகப் படித்துக்கொண்டிருந்தான். ‘கடைசிப் பத்தி புரியவில்லை’ என்பதை அப்படியே வெளியிட்டான்.

அடுத்தது: ‘முழக்கம் ஒரு டீ வடிகட்டி.’

கொஞ்சம் யோசித்தான். எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை.

வெளியிட்டான்.