எழுபதுக்குக் கீழே

பாளையங்கோட்டை மதுமிதாவின் எண் பன்னிரண்டு வருடமாகத் தொண்ணூற்றுக்குக் கீழே இறங்கியதில்லை. மாவட்டத்திலேயே மகிழ்ச்சியான சிறுநீரகக் கொடையாளர் அவள்தானாம். போன மாதம் நலத்துறைக்காரர்கள் வீடு தேடி வந்து பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்கள். அதை மடித்து அலமாரியில் வைத்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

நலமானியைக் கண்டுபிடித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் ஆபரேஷன் முடிந்தால் சொந்தபந்தம் மொத்தமும் பெற்றவர் கட்டிலைச் சுற்றித்தான் நிற்கும். கொடுத்தவரை எட்டிப் பார்க்க நாதியிருக்காது. ‘அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா’ என்று பத்தாம் நாளே அடுப்படியில் விட்டுவிடுவார்கள். இப்போது அது நடக்காது. கொடுத்தவரின் மணிக்கட்டில், தோலுக்கடியில், அரிசி அளவில் இந்த நலமானிக் கருவி. நாடி, தூக்கம், இரத்தம், குரல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, நூற்றுக்கு இவ்வளவு மகிழ்ச்சி என்று தோலின்மேல் எண்ணாக ஒளிரும். எழுபதுக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றால், பெற்றவருக்கு வரவேண்டிய ஏற்புமாத்திரை விசாரணை முடியும்வரை வராது. மாத்திரை இல்லாவிட்டால் வந்த சிறுநீரகத்தை உடம்பு ஏற்காது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும். நினைக்காதவனைச் சட்டம் நினைக்க வைக்கும்.

அவள் கணவன் ஐயப்பன் நினைத்தார். ஐயோ, எப்படி நினைத்தார்! முன்பெல்லாம் மின்விசிறி வேகத்துக்குக்கூட மல்லுக்கட்டுவார். ‘ஏட்டி’ என்று அவர் கூப்பிட்டால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அவளுடைய சிறுநீரகம் அவருக்குள் போன நாளிலிருந்து ‘சரிம்மா’ என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை இல்லை. பைக் சத்தம் தலைவலி என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னதற்கு, மறுநாளே பைக்கை விற்றுவிட்டார். சாமிக்குச் சாத்திய மாலையாக அவளைக் கையில் ஏந்திக்கொண்டு திரிந்தார்.

இதெல்லாம் தனக்காகவா, மாத்திரைக்காகவா? அந்த ஒரு கேள்வி அவளை அரித்துத் தின்றது.

ஞாயிறு மதியம் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தாள். நாலு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

முதல் வாயிலேயே ஐயப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எப்படி இருக்கு?”

“அமிர்தம்மா” என்று சொல்லி, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

அவள் தட்டைப் பிடுங்கினாள். “ஒங்க ஒடம்புக்கு உப்பு ஆகுமா? தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீய?”

“நீ ஆசையா செஞ்சியேன்னு...”

“பொய் சொல்லாதீய. எம்மேல உள்ள பிரியமா, மாத்திரை நின்னுருமேங்கிற பயமா?”

“மொதல்ல பயந்தான். பொறவு பழகிப்போச்சு. இப்பம் எது எதுன்னு எனக்கே தெரியல.”

உண்மையைக் கேட்டவள் அவள்தான். ஆனாலும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எண்பது, எழுபத்து நாலு, அறுபத்தொன்பது. பச்சையாக இருந்த எண் சிவப்பாகிவிட்டது.

“அழாதம்மா” என்றார் ஐயப்பன். அறுபத்தாறு. இளநீர் வெட்டிக் கொடுத்தார். குற்றாலத்துக்குப் போவோமா என்று கேட்டார். அறுபத்து நாலு.

இப்போது அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷமான விஷயங்களாக நினைத்துப் பார்த்தாள். பல்லைக் காட்டிச் சிரித்தும் பார்த்தாள். கருவி ஏமாறுவதாயில்லை. சிறுநீரகத்தை ஒரே தடவைதான் கொடுத்தாள். சந்தோஷத்தைத் தினந்தினம் கொடுக்கச் சொன்னால் எங்கே போவாள்? ஐம்பது நிமிடம் ஓடிவிட்டது.

ஐயப்பன் பொறுமையிழந்தார். “ஏட்டி! நாலு கை உப்பப் போட்டு என்னைக் கொல்லப் பாத்தவ நீ. அழுவுறதும் நீயா? கூறுகெட்டவளே! சொதியாட்டி அது? தூத்துக்குடிக் கடலு!”

மதுமிதா வெடுக்கென்று நிமிர்ந்தாள். “கடலாம்லா கடலு! ஒங்க அம்மை வச்ச சொதியில உப்புமில்ல, ஒறப்புமில்ல. அத மட்டும் நக்கி நக்கித் தின்னீய!”

“எங்கம்மைய இழுக்காத!”

“இழுப்பேன். என்ன செய்வீய?”

மாமியார், விற்ற பைக், மின்விசிறி என்று பன்னிரண்டு வருடப் பாக்கி மொத்தமும் வெளியே வந்தது. கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை வறண்டபோதுதான் மணிக்கட்டைப் பார்த்தார்கள். தொண்ணூற்றொன்பது. பொன்னாடை வாங்கிய அன்றுகூட அவ்வளவு ஏறியதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிடைத்துவிட்டார், என் மனுஷன் எனக்குக் கிடைத்துவிட்டார் என்று உள்ளம் துள்ளியது.

மறுநாள் காலையில் ஐயப்பன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை ணங்கென்று வைத்தார்.

“ஏட்டி! இது காப்பியா, கழனித் தண்ணியா?”

மதுமிதா ஆசையாகத் திரும்பினாள். அவர் பார்வை அவள் மணிக்கட்டில் இருந்தது.