காவல் தாத்தா முன் ஒரு பொய்

ஸ்கூட்டர் கண்ணாடியில் அந்தச் சிவப்புத் தொப்பி மறுபடியும் தெரிந்தது.

மொலிகா ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். சந்தையில் கரும்புச் சாறு குடிக்க நின்றதுதான் தப்பு. அங்கே பல்லை இளித்த இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஏறிப் பின்னாலேயே வருகிறார்கள். அவள் வண்டியை விரட்டினால் அவர்களும் விரட்டுகிறார்கள். அவள் மெதுவாகப் போனால்... அவர்களும் மெதுவாக!

பாட்டம்பாங் நகரத்திலிருந்து விடியற்காலையில் தனியாகக் கிளம்பியவள் அவள். அம்மாவுக்கு நாளைக் காலையில் வயிற்றில் ஆபரேஷன். "பந்தேய் சமார் கோயில் வாசல் காவல் தாத்தாகிட்ட என் பேரைச் சொல்லி வேண்டிட்டு வா. அதுக்கப்புறம்தான் டாக்டர் என் மேல கத்தி வைக்கணும்" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா பிறந்தது இந்தப் பக்கம். ஆஸ்பத்திரியில் தம்பி துணைக்கு இருக்கிறான். வேறு யார் வருவார்கள்?

வானம் மழைக்குக் கருகிக்கொண்டு வந்தபோது கோயில் தெரிந்தது. சரிந்த கோபுரங்கள், குவியல் குவியலாக விழுந்த கற்கள், பாசி பிடித்த பெரிய முகங்கள். சனி ஞாயிறில் ஜேஜே என்றிருக்கும் இடத்தில் இன்று ஈ காக்கை இல்லை. ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் பைக் நிற்கும் சத்தம்... செருப்புச் சத்தம்...

வாசல் மண்டபத்துக்குள் ஒருவன் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு, கோயிலைத் திரும்ப எடுத்துக்கட்ட, விழுந்த கற்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தான். யார், எவர் என்று பார்க்க நேரமில்லை. பாய்ந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க! எவ்ளோ நேரமா உங்களத் தேடுறேன்! கட்டின பொண்டாட்டிய இப்படி அலைய விட்டுட்டு, இங்க கல்லோட குடும்பம் நடத்துறீங்களா?"

அவன் திகைத்தான். பெரிய கண்கள் அவனுக்கு. அந்தக் கண்கள் அவள் முகத்தைப் பார்த்தன. பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தன. அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

"கோவிச்சுக்காதம்மா" என்றான் சத்தமாக. "இன்னும் நாலு கல்லு. முடிச்சிட்டு வந்துடுறேன்."

வந்தவர்கள் முறைத்துவிட்டு வெளியே போனார்கள். பைக் கிளம்பவில்லை. மரத்தடியில் சிகரெட் நெருப்பு தெரிந்தது.

மொலிகா மூச்சு விட்டாள். திரும்பினாள்.

மஞ்சள் துணி சுற்றி, காலடியில் ஊதுவத்திச் சாம்பலோடு, கைக்கெட்டும் தூரத்தில் காவல் தாத்தா நின்றுகொண்டிருந்தார்! மூக்கு உடைந்த பழைய கற்சிலை. அவர் முன்னால் பொய் சொன்னவன் வீடு உருப்படாது என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். திருட்டு வழக்கைக்கூட இங்கே நிறுத்திச் சத்தியம் வாங்கித்தான் தீர்ப்பார்கள்.

அவள் யாருக்காக வேண்ட வந்தாள்... யார் தலையில் கொண்டுபோய்ப் பொய்யை இறக்கினாள்!

"கல்யாணச் சாப்பாடே போடாம பொண்டாட்டி ஆயிட்டீங்களே" என்று சிரித்தான் அவன். "நான் விச்சேத்."

பயத்தில் இருப்பவளுக்கு எதிரில் நிற்பவன் சிரித்தால் பற்றிக்கொண்டு வராதா?

"ஆபத்துக்குத் தூணையும்தான் கட்டிப் பிடிப்பாங்க! அதுக்காகத் தூணு மாப்பிள்ளை ஆயிடுமா? கல்லு தூக்குற ஆளுக்கு ஆசையப் பாரு!"

சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சிரிப்பு அவன் முகத்திலிருந்து வடிந்தது. சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தான். மழை சடசடவென்று இறங்கிய நேரம், நேரே அதற்குள் நடந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். வாசலை அடைத்தாற்போல.

அப்போதுதான் கவனித்தாள். அந்த இரண்டு பேரும் மரத்தடியை விட்டுப் படியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவமானப்பட்டவன் போயிருக்கலாம். போகவில்லை. சட்டை முதுகோடு ஒட்ட, நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நெஞ்சு என்னவோ செய்தது...

"ஏய், உம் பொண்டாட்டியா அவ?" சிவப்புத் தொப்பிக்காரன் கேட்டான். "எங்க, தாத்தா கால்ல கை வச்சுச் சொல்லு பாப்போம். நாங்க போயிடுறோம்."

மொலிகா சிலையைப் பார்த்தாள். பொய் சொன்னால் தாத்தா விடமாட்டார். உண்மையைச் சொன்னால் இவர்கள் விடமாட்டார்கள். 'அய்யோ, எனக்காக இந்த மனுஷன் கெட்டுப்போகணுமா?'

விச்சேத் உள்ளே வந்தான். ஈரக் கையைச் சிலையின் காலில் வைத்தான். எடுக்கப் போய், மறுபடி அழுத்தி வைத்தான். அவனுக்கும் பயம்தான்!

"தாத்தா... இந்தப் பொண்ணு மேல ஒரு விரல் பட்டாலும், பட்ட விரல் முழுசா திரும்பாது. என் உசிரு போனாலும் சரி. இது சத்தியம்."

சிவப்புத் தொப்பிக்காரன் சிலையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். கூட வந்தவன் அதற்குள் படியிறங்கிப் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். சத்தம் தேய்ந்து மறையும்வரை அவளும் விச்சேத்தும் அசையவில்லை.

"போயிட்டாங்க" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்களும் மழை விட்டதும் கிளம்புங்க. மெயின் ரோடு வரைக்கும் பின்னால வர்றேன். பயப்படாதீங்க, தூரமாவே வர்றேன்."

"நான் போக முடியாது." அவளுக்கு அழுகை வெடித்தது. "எங்கம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். அவங்களுக்காக வேண்டத்தான் வந்தேன். வந்த இடத்துல தாத்தா முன்னாடியே... பொய் சொல்லிட்டேனே!"

அவன் கோபம் அந்த நிமிடமே போய்விட்டது.

"அழாதீங்க. வழி இருக்கு. ஊதுவத்தி ஏத்தி, சொன்ன பொய்யை இவர்கிட்டயே திருப்பி வாங்கிக்கணும். ஆனா அது மட்டும் பத்தாது. பொய் இருந்த இடத்துல உண்மைய வைக்கணும். நான் உங்களுக்கு யாருன்னு... உள்ளதை உள்ளபடி."

அவன் மூன்று ஊதுவத்திகளைப் பற்றவைத்துக் கொடுத்தான். அவள் மண்டியிட்டாள்.

"தாத்தா, நான் சொன்னது பொய். இவர் என் வீட்டுக்காரர் இல்ல. பயத்துல சொல்லிட்டேன். தண்டனை எனக்குக் குடுங்க, எங்கம்மாவ விட்டுடுங்க. இவர் எனக்கு..."

'யாரும் இல்லை.' இரண்டு சொல். சொல்லிவிட்டால் முடிந்தது. அம்மா பிழைப்பாள்.

"இவர் எனக்கு..."

அந்த இரண்டு சொல் வாயில் வரவில்லை. ஊதுவத்திச் சாம்பல் விரலில் உதிர்ந்து சுட்டது. தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே, இதென்ன கூத்து!

"சொல்லிடுங்க" என்றான் விச்சேத், மெல்ல. அவன் பார்வை தரையில் இருந்தது. "யாருமில்லன்னு சொல்லுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். உங்கம்மாவுக்காக..."

"அவங்களுக்காகத்தான் சொல்ல மாட்டேங்குறேன்."

"என்னது?"

நீர் தளும்பும் கண்களோடு அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு தடவை பொய் சொல்லிட்டேன்ல... திரும்பவும் சொல்லச் சொல்றீங்களா?"