வெறுங்காலோடு விளக்கேற்று!

"வீ...ல்!"

மைக்கில் விழுந்த அந்த அலறல் ஆடிட்டோரியம் முழுக்க அதிர்ந்தது.

அலறியவள் பேச்சி. அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பெருக்கித் துடைக்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி.

மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு. திரியைத் தூண்டப் போன அவள் விரல் விளக்கோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு உதறியது. 'பட்'டென்று மேடை விளக்குகள் அத்தனையும் அணைந்தன...

மறுபடி வெளிச்சம் வந்தபோது, ஈரம் காயாத மாக்கோலத்தின் மேல் மல்லாந்து கிடந்தாள் பேச்சி.

உயிர் இல்லை!

நாற்காலிகளை உருட்டிக்கொண்டு ஓடியது கூட்டம். அத்தனையும் ஒரகடத்து ஃபேக்டரிகளில் ஷிஃப்ட் முடித்த பெண்கள். மாதாமாதம் இங்கே 'அறிவியல் எல்லோர்க்கும்' என்று பொதுச் சொற்பொழிவு. அறிவியல் கேட்க எவன் வருவான்? அதனால் ஹாஸ்டல் வாசலுக்கு பஸ்ஸை அனுப்பி, புளிசாதப் பொட்டலத்தைக் காட்டி அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டாமா?

அன்றைய தலைப்பு: 'மின்சாரம் நம் நண்பன்!'

நல்ல நண்பன்!

* * *

இன்ஸ்பெக்டர் யாக்கோபு மேடைப் படிக்கட்டில் கால் வைத்தார். சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். தன் பூட்ஸைப் பார்த்தார்.

போன மாத ஞாபகம்.

பந்தோபஸ்துக்கு வந்தவரைப் பார்த்து, டைரக்டர் எழிலரசன் மைக்கிலேயே கத்தினார். "இன்ஸ்பெக்டர்! விளக்குகிட்ட பூட்ஸோட வர்றீங்களே, மரியாதை தெரியாது? கழட்டுங்க!" கழற்றினார். சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. முன் வரிசை மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

'இன்னிக்கு எவன் சிரிக்கிறான்னு பாக்கலாம்' என்று பூட்ஸோடு ஏறினார்.

எழிலரசன் ஓடி வந்தார். கோட்டு சூட்டு. தோளில் சற்று முன் போர்த்திய பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"இன்ஸ்பெக்டர்! குறி எனக்கு!"

"உங்களுக்கா?"

"விளக்கை நான்தானே ஏத்தணும்? கடைசி நிமிஷத்துல மனசு கேக்கல. 'உழைக்கிற கை ஏத்தட்டும்'னு பேச்சியைக் கூப்பிட்டேன். பாவம், எனக்கு வெச்சதுல அவ மாட்டிக்கிட்டா!"

"வெச்சது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"நெனைக்கிறது என்ன! மாரிசெல்வம். எங்க எலக்ட்ரீஷியன். 'நீ சரியில்ல, அடுத்த மாசத்தோட கெளம்பு'ன்னு நேத்துதான் சொன்னேன். முறைச்சுட்டுப் போனான்."

"மாரிசெல்வம் யாரு சார் இந்தப் பொண்ணுக்கு?"

எழிலரசன் கண்ணை மூடித் திறந்தார்.

"புருஷன்."

டைரக்டருக்கு வைத்த பொறியில் பொண்டாட்டியைப் பலி கொடுத்தவனா? கடவுளே!

விளக்கை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். வயர் இல்லை. வயரின் துண்டு கூட இல்லை. கரண்ட் எந்த வழியாக வந்தது என்றே தெரியவில்லை.

"வெளிச்சம் போன நேரத்துல அவன்தான் உருவியிருப்பான்" என்றார் எழிலரசன்.

"கேட்டை மூடுங்கய்யா!" என்று கத்தினார் யாக்கோபு. "ஒரு ஆளு, ஒரு கார் சோதனை பண்ணாம வெளிய போவக்கூடாது!"

* * *

ஸ்டேஷன்.

லாக்கப்பில் மாரிசெல்வம் அழவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னாய்யா, பேச மாட்டியா? டைரக்டருக்குத்தானே வெச்ச?"

"நான் எதுக்கு சார் வைக்கணும்? வேலை போனா சிங்கப்பெருமாள் கோவில்ல ரயிலேறி சங்கரன்கோவிலுக்கே போயிருப்போம். அவளும் அதைத்தான் சொல்லிட்டிருந்தா."

"ஊருக்குப் போவணும்னா? ஏன்?"

"பயந்துட்டா சார். ஒரு வாரமா ஒறங்கல. அந்தக் கவியா பாப்பா மொட்டை மாடியிலருந்து விழுந்துச்சுல்லா..."

கவியா. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி. மழைக்காலத்தில் மாடியிலிருந்து விழுந்து செத்தாள். தற்கொலை என்று மேலிடம் அவசர அவசரமாக ஃபைலை மூடியது.

"அதுக்கும் பேச்சிக்கும் இன்னா?"

"அன்னைக்கு அவ எதையோ பாத்திருக்கா சார். என்னன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்டா. போன வாரம்தான் 'பெரிய ஆள்கிட்ட சொல்லிட்டேன், அவுக பாத்துக்கிடுவாக'ன்னா."

"யாரு அந்தப் பெரிய ஆளு?"

"கேக்கதுக்குள்ள போய்ட்டாளே சார்!"

அப்போதுதான் அழுதான். கம்பியில் தலையை முட்டி முட்டி அழுதான். யாக்கோபு கையை உள்ளே விட்டு அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

டெலிபோன் அலறியது. டி.எஸ்.பி.

"யாக்கோபு! அந்த எலக்ட்ரீஷியனை ரிமாண்ட் பண்ணியாச்சா?"

"ஐயா, வயரே கெடைக்கல..."

"வயர் என்னய்யா வயர்! டைரக்டர் சொல்றாரு, மோடிவ் இருக்கு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அவன் ஜெயில்ல இருக்கணும்."

"ஐயா, பொண்டாட்டி பொணம் இன்னும் மார்ச்சுவரியில..."

லைன் கட்.

யாக்கோபு ரிசீவரையே முறைத்தார். நாளை சாயங்காலம் இவன் ஜெயிலுக்குப் போனால் பேச்சிக்குக் கொள்ளி வைக்கக்கூட ஆளில்லை. பொண்டாட்டியைக் கொன்றவன் என்ற பெயரோடு உள்ளே போகிறவன் உயிரோடு வெளியே வருவானா என்பதும் சந்தேகம்.

"சார்!" சப் இன்ஸ்பெக்டர் ஷாரோன் செல்போனை நீட்டினாள். "விழாவுக்கு வந்த போட்டோகிராஃபர் அனுப்பிச்சது. விளக்கேத்தறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி."

பார்த்தார். விளக்கு. மெழுகுவர்த்தியோடு பேச்சி, வெட்கச் சிரிப்பு. பக்கத்தில் எழிலரசன், திரியைக் காட்டி ஏதோ சொல்கிறார். பின்னால் சிறப்புப் பேச்சாளர் சங்கரநாராயணன், ரிடையர் ஆன விஞ்ஞானி.

யாக்கோபு படத்தைப் பெரிதாக்கினார். கீழே நகர்த்தினார். இன்னும் கீழே...

முகம் மாறியது.

"ஷாரோன்! நாளைக்குக் காலையில பேச்சிக்கு அங்கயே அஞ்சலிக் கூட்டம். அதே மேடை. அதே விளக்கு. டிவிக்காரன் வருவான்னு டைரக்டர்கிட்ட சொல்லு, உடனே ஒத்துக்குவாரு."

"சார்?"

"இன்னொண்ணு. 'கரண்ட் எப்படி வந்துச்சுன்னு போலீசுக்கே புரியல, விளக்கு இன்னும் டேஞ்சர்தான்'னு அங்க இருக்கறவங்க காதுல போட்டு வை."

"எதுக்கு சார்?"

"சாக்ஸ் ஓட்டைக்கு!" என்றார் யாக்கோபு.

ஷாரோன் முழித்தாள்.

* * *

மறுநாள். மாலை போட்ட பேச்சியின் படம். இந்த முறை புளிசாதம் இல்லை. ஆனாலும் கூட்டம் வந்திருந்தது, ஹாஸ்டல் பெண்கள் தாமாகவே ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள்.

விலங்கோடு முன்வரிசையில் மாரிசெல்வம்.

"அஞ்சலி விளக்கை ஏற்ற ஐயா சங்கரநாராயணன் அவர்களை அழைக்கிறோம்!"

சங்கரநாராயணன் ரெண்டடி வைத்தார். விளக்கைப் பார்த்தார். மூன்றடி பின்னால் போனார்.

"எனக்கு... இந்தக் கால்ல புண்ணு. செருப்பைக் கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வேற யாராச்சும்..."

தொகுப்பாளினி மஞ்சுளா மைக் ஸ்டாண்டோடு நகர்ந்து நின்றாள். மேடையில் இருந்த விஞ்ஞானிகள் எல்லோரும் ஷூவோடு, செருப்போடு, சுவர் ஓரமாக! பாஸ்பரஸ், பாட்டரி, லேசர் எல்லாம் படித்தவர்கள்... ஒரு குத்துவிளக்குக்கு நடுங்கினார்கள்.

"இதென்ன கூத்து!" எழிலரசன் எழுந்தார். "விஞ்ஞானிகளா நீங்கள்லாம்?"

டிவி கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின. குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். வெறுங்காலோடு நடந்து, விளக்கை இடது கையால் பிடித்துக்கொண்டு, திரியை விரலால் தூண்டி... ஏற்றினார்.

கைதட்டல்!

ஒரே ஒருவர் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டே மேடை ஏறினார். யாக்கோபு.

"பிரமாதம் சார்! பயமே இல்லையா?"

"அறிவியல் தெரிஞ்சவனுக்கு என்ன பயம்?"

"போலீசுக்கே கரண்ட் வந்த வழி தெரியல. மேடையில இத்தனை அறிவியல் தெரிஞ்சவங்க பயப்படறாங்க. இனிமே கரண்ட் வராதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

எழிலரசனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க... நீங்க செக் பண்ணியிருப்பீங்கன்னு ஒரு நம்பிக்கை."

"சரி. அப்போ இதைப் பாருங்க." செல்போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "சாகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்த படம். மேடை ஓரத்துல சங்கரநாராயணன் சாரோட செருப்பு. மஞ்சுளா மேடத்தோடது. கடைசியில தேஞ்சுபோன ரப்பர் செருப்பு, பேச்சியோடது. உங்க ஷூ எங்க சார்?"

எழிலரசன் செல்போனை விரலால் தள்ளினார்.

"உங்க கால்ல! என்னை மைக்குல கத்திக் கழட்ட வெச்ச மனுஷன், ஈரக் கோலத்து மேல ரப்பர் சோல் ஷூவோட நிக்கறீங்க. ஏன் சார்?"

"ம... மறந்துட்டேன்."

"கோலத்தை ஈரமாவுல போடச் சொல்ல நீங்க மறக்கலையே? மாசாமாசம் ஸ்டிக்கர்தானே ஒட்டுவீங்க? 'திரி சரியில்ல, தூண்டி விடும்மா'ன்னு அவகிட்ட சொல்லவும் மறக்கலையே? மஞ்சுளா மேடம் காதால கேட்டிருக்காங்க!"

மஞ்சுளா தலையை ஆட்டினாள். அழுதுகொண்டே ஆட்டினாள்.

"குறி உங்களுக்கு இல்ல சார். குறியே பேச்சிக்குத்தான்! அவ போய்ச் சொன்ன பெரிய ஆளு நீங்க. கவியா விழுந்ததும் மாடிப்படியில எறங்கி வந்த ஆளும் நீங்க, இருட்டுல பேச்சிக்கு முகம் தெரியல. ராத்திரி கவியா ஃபைலைப் பிரிச்சுப் பாத்தேன், அந்தப் பொண்ணோட ஆராய்ச்சியை உங்க பேர்ல போட்டுக்கிட்டீங்க. அவ தட்டிக் கேட்டா. தள்ளிவிட்டீங்க. கொன்னவன்கிட்டயே போய் நியாயம் கேட்டிருக்கா பேச்சி! பெரிய மனுஷன்னு நம்பி!"

"ஆதாரம் இருக்கா?" எழிலரசனின் குரல் கிறீச்சிட்டது.

"சார்!" கதவருகே ஷாரோன். கையில் ஒரு பொன்னாடை மூட்டை. "இவர் ரூம் பீரோவுல. தனக்குப் போர்த்தினதை எல்லாம் மடிச்சு வெச்சு, அடுத்த கூட்டத்துல வர்றவங்களுக்குப் போர்த்துவாராம். மேல இருந்ததை மட்டும் மடிக்கல சார். சுருட்டி வெச்சிருந்தார்!"

பிரித்தாள். ஜரிகைக்கு நடுவே ஒரு மெல்லிய வயர். முனையில் டேப். டேப்பில் பளிச்சென்று விரல் ரேகை.

இருட்டில் விளக்கிலிருந்து உருவிப் பொன்னாடைக்குள் சுருட்டிய வயர். கேட்டில் போலீஸ் நின்றதால் வெளியே போக முடியாத வயர்!

எழிலரசன் வெடித்தார்.

"ஒரு கூட்டறவளுக்காக இந்த இன்ஸ்டிட்யூட்டையே நாசம் பண்ணப் போறீங்களா? நாளைக்கு எனக்கு டெல்லியில விருது!"

கூட்டத்தில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். விளக்குக்காக அல்ல. ஷாரோன் ஓடிப்போய் தடுத்தாள், கொஞ்சம் மெதுவாகவே ஓடினாள்.

மாரிசெல்வத்தின் விலங்கு கழன்றது. அவன் எழிலரசனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார்... அவ செருப்பு எங்க சார்? ஊருக்குக் கொண்டு போவேன்."

"அது கேஸ்ல சேந்துருச்சுப்பா. கோர்ட்டுக்குப் போவணும்."

"அப்ப அது கூட இல்லையா?"

யாக்கோபுவால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கொலைகாரன் பிடிபட்டால் என்ன? இவனுக்கு என்ன திரும்பி வந்தது? ஒரு பிணமும், ஆம்புலன்ஸும். கோபமாகத் திரும்பினார்.

எழிலரசன் குனிந்து ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் இன்ஸ்பெக்டர், ஷூவை மட்டும் போட்டுக்கறேன்..."

யாக்கோபு பூட்ஸ் காலால் அதை எட்டித் தள்ளினார்.

"வேணாம் சார்! லாக்கப்புல வெறுங்கால்தான். தைரியமா வாங்க... எங்க ஸ்டேஷன்ல என்னிக்கு சார் கரண்ட் இருந்துச்சு?"