இரண்டாவது சிரிப்பு

சண்முகத்தாய் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அய்யனார் கோயில் பாதையில் நடந்து வந்தபோது காலை வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. மாந்தோப்புக்கு நடுவில் அந்தப் பழைய காரை பங்களா. வாசலில் ஜெனரேட்டர் வேன் உறுமிக்கொண்டு நின்றது. லைட்டுக்காரர்கள் கறுப்புத் துணியை மூட்டை மூட்டையாக உள்ளே தூக்கிப் போனார்கள். ஜன்னல், கதவிடுக்கு எல்லாவற்றையும் அந்தத் துணியால் அடைத்துவிட்டால் பட்டப்பகலிலேயே உள்ளே ராத்திரி ஆகிவிடும். சினிமாக்காரர்களுக்குச் சூரியனெல்லாம் ஒரு பொருட்டா?

அவளுக்கு ஊர் மம்சாபுரம். கோயில் கொடைத் திருவிழா நாடகங்களில் சந்திரமதி வேஷம் கட்டி அவள் மயானத்தில் அழ ஆரம்பித்தால் மைக்செட்காரன் வரைக்கும் மூக்கைச் சிந்துவான். அப்படிப்பட்டவளுக்கு மெட்ராஸ் கம்பெனி கொடுத்த வேஷம் பிணம்.

அறுபதுகளில் இதே பங்களாவில் எடுத்து ஓகோவென்று ஓடிய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் ‘பூட்டிய மாடி’. அதைத்தான் இப்போது, தொண்ணூற்றொன்றில், கலரில் மறுபடி எடுக்கிறார்கள். ஜமீன்தாரின் மூத்த தாரம் விஷத்தில் சாகிறாள். கூடத்தில் பெஞ்சில் கிடத்துகிறார்கள். அப்புறம் மாடியில் கொலுசுச் சத்தம் கேட்கிறது. அந்த மூத்த தாரம்தான் சண்முகத்தாய்.

டைரக்டர் ஹயக்ரீவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து மெட்ராஸில் மீசை மழித்தவர். முந்தின வாரம் லாட்ஜில் எல்லாரையும் உட்காரவைத்துப் பழைய படத்தின் கேசட்டைப் போட்டுக் காட்டினார். பிணக் காட்சி வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கேமரா காலில் தொடங்கி முகம்வரை நிதானமாக வருகிறது. இமை துடிக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

“இதான் நடிப்பு. எனக்கு இதே மாதிரி வேணும்” என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். சண்முகத்தாய் மட்டும் டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்து பார்த்தாள். செத்தவர்களாக நடித்த எத்தனையோ பேரை மடியில் போட்டு அழுதவள் அவள். என்னதான் நடித்தாலும் எங்காவது ஒரு விரல் உயிரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பொம்பளையிடம் அந்த ஒரு விரல்கூட இல்லை.

“அந்தம்மா பேரென்ன சார்?”

“யாருக்குத் தெரியும்? டைட்டில்ல போடலையே.”

பேரைச் சொன்னது, பங்களாவுக்கு வந்த இந்தக் காலையில், மேக்கப்மேன் வைகுண்டராஜ். பழைய படத்தில் மேக்கப்காரருக்கு எடுபிடியாக இருந்தவர். சண்முகத்தாய் முகத்தில் சாம்பல் நிறத்தைப் பூசி, மூக்கில் பஞ்சு வைத்து, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைக் கிழித்துத் தாடைக்கட்டுக்கு அளவு பார்த்தவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“தாயி, ஒரு விசயம் சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியே? இந்த வேஷம் ஒனக்கு வேண்டாம்.”

“ஏன் அண்ணாச்சி? பொணத்துக்குக்கூட நான் லாயக்கில்லையா?”

அவர் சிரிக்கவில்லை.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுப்ப மாட்டார்கள். ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பையும் ஃபிலிமில் பிடித்த பிறகுதான் ஆள் எழுந்திருக்கலாம். அந்தத் துண்டு எந்தப் படத்திலும் வராது, வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆனாலும் எடுத்தாக வேண்டும். சாவை எடுத்த கேமரா உயிரையும் எடுத்தால்தான் கணக்குத் தீரும்.

“அவ பேரு பரிபூரணம். வ. புதுப்பட்டி நாடகக்காரி” என்றார் வைகுண்டராஜ். “இதே கூடம். ஷாட் முடிஞ்சுது. சிரிப்பை எடுக்கலை. தோப்புல வெளிச்சம் போவுது, ஹீரோயின் பாட்டு எடுக்கணும்னு எல்லாரும் ஓடிட்டோம். ‘நாளைக்குச் சிரிச்சுக்கலாம்’னு சொல்லிட்டுப் போனாரு அப்பத்த டைரக்டரு. அவ கண்ணைத் தொறக்காமலே ‘எந்திரிக்கலாமா, எந்திரிக்கலாமா’ன்னு கேட்டுக்கிட்டே கிடந்தா. ஒருத்தரும் பதில் சொல்லலை. பொழுது சாயப் பெஞ்சை எடுக்க வந்து பாத்தா, ஒடம்பு சில்லிட்டுப் போச்சு.”

வெளியே யாரோ விசிலடித்தார்கள். ஷாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

“அதுலருந்து இந்தக் கூடத்துல யாரும் படுக்கிறதில்ல தாயி. வீட்டுக்காரவிய நாயிகூட வாசப்படியைத் தாண்டாது.”

சண்முகத்தாய்க்குப் பயம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. அவளையும் எத்தனை கொடையில் மேடையை விட்டு இறங்கியதும் பெயர் சொல்லக்கூட ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

“அந்த மனுசி தானாச் சாவலை அண்ணாச்சி. எந்திரின்னு சொல்ல ஒரு நாதி இல்லாமக் கெடந்திருக்கா. கட்டுங்க தாடையை. நான் சிரிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்.”

கூடத்துக்குள் கண்ணே தெரியவில்லை. வாசற்படிக்கு வெளியே வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்று உட்கார்ந்து, ரோஸ் மூக்கை நீட்டிப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் படுத்தாள். காலின் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு. மாரடித்து அழ மம்சாபுரத்திலிருந்து கூட்டி வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கேமராமேன் பொன்னுராஜ் ரெடி என்றார். லைட் எரிந்தது.

அவள் மூச்சைப் பிடித்தாள்.

பக்கத்தில் இன்னொருவரும் மூச்சைப் பிடிப்பது கேட்டது.

கேமரா காலிலிருந்து முகத்துக்கு வந்தது. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. ‘கட்’ என்று குரல் வந்ததும் அவள் மெதுவாக மூச்சை விட்டாள்.

பக்கத்தில் இருந்தது விடவில்லை.

“பிரமாதம்!” என்று கைதட்டினார் ஹயக்ரீவன். “பழைய படத்தைத் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க. எந்திரிங்க.”

“சிரிப்பு எடுக்கணும் சார்” என்றாள் சண்முகத்தாய், கட்டிய தாடைக்குள்ளிருந்து.

“ஏம்மா, அதெல்லாம் அந்தக் காலம். ஃபிலிம் ரோல்ல கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு, ஹீரோயின் குளோசப் எடுக்கணும். நாளைக்குச் சிரிச்சுக்கலாம்.”

அதே வார்த்தை. வைகுண்டராஜ் கையிலிருந்த பவுடர் டப்பா கீழே விழுந்து உருண்டது.

“சிரிக்காம எந்திரிக்க மாட்டேன்.”

“என்னம்மா, மிரட்டுறியா?”

“பொணம் மிரட்டுமா சார்? படுத்துத்தான் கெடக்கேன்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹயக்ரீவனுக்கு முகம் கறுத்துவிட்டது. “லைட்டை அணைங்கடா! எல்லாரும் சாப்பிடப் போங்க. பசிச்சா அதுவே எந்திரிச்சு வரும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வைகுண்டராஜ் மட்டும் பெஞ்சருகே வந்து, “வேண்டாம் தாயி, வந்துரு” என்று கெஞ்சினார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர் போய் வாசலில் நாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வாசலில் தொங்கிய கறுப்புத் துணியையும் இழுத்து மூடினார்கள். உச்சிவெயில் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

முதலில் வந்தது வாசனை. வாடிய மல்லிகையும் மேக்கப் ஒட்டுகிற ஸ்பிரிட் கம்மும் கலந்த நெடி. மூக்கில் பஞ்சு இருக்கிறதே, எப்படி வாசனை வருகிறது என்று யோசித்தாள். யோசித்த பிறகு, யோசித்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

பெஞ்சு முனகியது.

இன்னொரு உடம்பின் பாரம் அவளுக்கு இடது பக்கத்தில் மெல்ல இறங்கியது. இல்லை, புதிதாக இறங்கவில்லை. அங்கேயே கிடந்தது இப்போதுதான் பட்டது.

காலிலிருந்து குளிர் ஏறியது. விரலை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. முழங்கால் இல்லை. இடுப்பு இல்லை. வாசலில் நாய் ஈனமாக முனகுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

காதோரம் காய்ந்த உதடு உரசியது.

“எந்திரிக்கலாமா?”

கத்தினால் வைகுண்டராஜ் ஓடி வந்து தூக்கிவிடுவார். தான் பிழைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் கிடப்பவள் மறுபடி கிடக்க வேண்டியதுதான்.

“எந்திரிக்கலாமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பேசினாள்.

“இன்னும் சிரிக்கலையே அக்கா. சிரிக்காம எப்படி எந்திரிக்க?”

குளிர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இழுத்தது.

கீழே.

“இந்தா பாருங்க அக்கா” என்றாள் சண்முகத்தாய். “ஒங்களுக்குப் பதிலாப் படுக்க நான் வரலை. ஒங்களுக்காகச் சண்டை போட வந்திருக்கேன். என்னைய இழுத்துட்டுப் போனீங்கன்னா கேக்க நாதி இல்லாமப் போயிரும். இம்புட்டு வருசம் பொறுத்தீங்க. செத்த நேரம் சும்மா கெடங்க.”

இழுப்பு நின்றது.

கை மட்டும் விடவில்லை. பயந்த பிள்ளை பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு கிடந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பெண்கள் திரும்பி வந்தார்கள். லைட் எரிந்தது. ஒருத்தி சண்முகத்தாயின் காலைத் தொட்டு எழுப்பப் போய், ‘அய்யோ’ என்று வீறிட்டாள். அதுவரை நடிப்புக்கு அழுதவர்கள் நிஜமாகவே நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஹயக்ரீவன் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். ஐஸ்கட்டி. வாயருகே விரலை வைத்தார். ஒன்றுமில்லை.

“எந்திரிம்மா” என்றார். மெட்ராஸ் குரல் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் குரல் வந்திருந்தது. “ஒன் கால்ல விழுதேன், எந்திரி தாயி.”

சண்முகத்தாய் கண்ணை மட்டும் திறந்தாள்.

“சிரிப்பை எடுங்க. ரெண்டு சிரிப்பு.”

யாரும் எதற்கு இரண்டு என்று கேட்கவில்லை. வைகுண்டராஜ் தாடைக்கட்டை அவிழ்த்தார். பொன்னுராஜ் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். ஃபிலிம் ஓடும் சத்தம் கேட்டது. சண்முகத்தாய்க்கு உதடு கல்லாக இருந்தது. ஊரில் யாருக்கும் பணியாத தன் அம்மாவின் வாயை நினைத்துக்கொண்டாள். பல் தெரியச் சிரித்தாள்.

“இது என்னோடது.”

சிரித்ததும் உடம்பில் உயிர் திரும்பியது. கொஞ்சம் ஒதுங்கி, பெஞ்சில் இடது பக்கம் இடம் விட்டாள். கூடமே அதிரும்படி, சந்திரமதியின் குரலில் சொன்னாள்:

“வ. புதுப்பட்டி பரிபூரணம்! ஷாட் முடிஞ்சிருச்சு. நல்லா நடிச்சீங்க. கேமராவைப் பாத்துச் சிரிங்க அக்கா. எந்திரிங்க!”

கேமரா பெஞ்சின் காலி இடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வியூஃபைண்டரிலிருந்து பொன்னுராஜ் கண்ணை எடுக்கவே இல்லை. அவர் கழுத்தில் மட்டும் வேர்வை ஊற்றியது. ரோல் தீர்ந்து கடகடத்தது.

மணிக்கட்டிலிருந்து கை விலகியது.

பெஞ்சு ஒருதரம் முனகி, லேசானது. வாசலில் உட்கார்ந்திருந்த நாய் எழுந்து, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நின்றது. போகிறவர்களைப் பார்ப்பதுபோல் தோப்புப் பக்கம் தலையைத் திருப்பி, வாலை ஆட்டியது.

என்ன பார்த்தீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். பொன்னுராஜ் கடைசிவரை சொல்லவில்லை.

மறுவருஷம் ஆடிப்பூரத் தேர் முடிந்த வாரம் படம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தது. சண்முகத்தாயும் வைகுண்டராஜும் மேட்னி ஷோவுக்குப் போனார்கள். பேயாக வரும் காட்சிகளில் அவள் முகத்தை முடியால் மறைத்திருந்தார்கள். குரலும் மெட்ராஸில் யாருடையதோ. அவள் சீட்டில் உட்கார்ந்து மெட்ராஸ்காரர்களை வாய்க்குள் வண்டி வண்டியாகத் திட்டினாள்.

பிணக் காட்சி வந்தது. கேமரா காலிலிருந்து முகத்துக்கு ஏறியது. தியேட்டர் மூச்சடங்கிப் பார்த்தது.

“தாயி” என்று வைகுண்டராஜ் அவள் கையைப் பிடித்தார். “அங்க பாரு.”

அழுகிற பெண்களுக்கு நடுவில் ஒருத்தி அழாமல் உட்கார்ந்திருந்தாள். கலர் படத்தில் அவள் மட்டும் கறுப்பு வெள்ளை. அவிழ்ந்த தாடைக்கட்டு கழுத்தில் தொங்கியது. கேமராவை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். அடுத்த காட்சியில் மாடிப்படியில் நின்று சிரித்தாள். பிளவக்கல் அணையில் எடுத்த டூயட்டில், கதாநாயகிக்குப் பின்னால் கரையில் நின்று, முழு முகத்தையும் காட்டிச் சிரித்தாள். மெட்ராஸில் படத்தை வெட்டி ஒட்டியவர்கள், அப்படி ஒருத்தியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று பின்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

“பரிபூரணமேதான்” என்றார் வைகுண்டராஜ். அவருக்குப் பல் கிட்டிக்கொண்டது.

கீழே பெஞ்சு டிக்கெட்டில் சிலர் அலறினார்கள். சிலர் யாரிந்தப் பொம்பளை என்று விசிலடித்தார்கள். சண்முகத்தாய்க்குக் கண்ணீர் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தாள். இனிமேல் இவளை எந்தக் கொம்பன் வெட்டிக் குப்பையில் போடுவான்?

படம் முடிந்து லைட் போட்டார்கள். வைகுண்டராஜ் முன்னால் போய்விட்டார். எழுந்தபோதுதான் சண்முகத்தாய் தன் இடது பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் சீட்டு. படம் முழுக்க அதில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் அது மடங்காமல், பாரம் தாங்கிக்கொண்டு விரிந்தே இருந்தது.

வாடிய மல்லிகை வாசனை வந்தது.

“அடுத்த ஷாட் எப்ப?”