ஆறு இலக்க மன்னிப்பு

முன்னால் நின்ற வேனுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது.

“மறுபடியும் பெரியம்மாவேதான்! நூத்துல நாலு.”

“போன வருஷம் அஞ்சுல்ல? தேறிட்டாங்க.”

“மூணு பொங்கலா மன்னிச்சிக்கிட்டே இருக்காங்க. நம்மளையெல்லாம் அனுப்பிவச்சிட்டுத்தான் அவங்க போவாங்க, பாரேன்.”

வேனுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். சாலைக்குக் குறுக்கே கிடந்த தடுப்புக் கம்பம் உயர்ந்தது. வேன் விருதுநகர் மாவட்டத்துக்குள் போனது.

யுகேந்திரன் காரை முன்னே நகர்த்தினான். போகி நாள், காலை ஒன்பதரை. கள்ளிக்குடிக்குத் தெற்கே இருந்த எல்லைச் சாவடியில் எண்பது வண்டிகளாவது நின்றன. அவன் மதுரையிலிருந்து சாத்தூரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய்க்கொண்டிருந்தான். போக வேண்டாம் என்று யாராவது தடுத்துவிட்டால் நல்லது என்று நினைத்தான்.

தடுப்பதென்றால் விளைவுப்பொறிதான் தடுக்க வேண்டும். சாவடியில் ஒரு குழாயில் ஊத வேண்டும். மூச்சில் இருக்கும் கிருமியையும் வண்டியில் வருபவர்கள், போகிற வீட்டில் இருப்பவர்கள் எல்லாருடைய வயது, இதயம், நுரையீரல், மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பொறி ஒரு பெயரைச் சொல்லும். இந்தப் பயணத்தால் முப்பது நாளுக்குள் இறந்துபோக அதிக வாய்ப்புள்ளவரின் பெயர். பக்கத்தில் நூற்றுக்கு எத்தனை என்று ஓர் எண் இருக்கும். நூற்றில் ஒன்றுக்குக் கீழே என்றால் பெயரே வராது.

முதல் இரண்டு ஆண்டுகள் பெயர் வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். பண்டிகை நாட்களில் ஜனங்கள் சாவடிமீது கல் வீசினார்கள். யார் வீட்டுக்கு யார் போவதென்று அரசு எப்படிச் சொல்லலாம் என்று வழக்குப் போட்டார்கள். சட்டம் மாறியது. யாருடைய உயிருக்கு ஆபத்தோ, அவரே சம்மதித்தால் போகலாம். அதற்கு முன்மன்னிப்பு என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்தவரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் போகும். அவர் அதைப் போட்டு ‘மன்னிக்கிறேன்’ என்பதை அழுத்தினால் கம்பம் உயரும். பக்கத்திலேயே ‘மறுக்கிறேன்’ என்பதும் இருந்தது.

பயணங்கள் பாதியாகக் குறையும் என்று சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். நான் வந்தால் நீ செத்துப்போக நூற்றில் ஏழு வாய்ப்பு, வரட்டுமா என்று எந்த மகன் அம்மாவிடம் கேட்பான்?

எந்த மகனும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. ரேஷன், கேஸ், பென்ஷன், வங்கி என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே ஒரு எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். யாருக்கு ஓடிபி வந்தாலும் எடுத்துப் போடுகிற ஆள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார். மன்னிப்பும் அவரிடமே வந்தது. பாலுக்கும் மின்சாரத்துக்கும் போடுவதுபோல அவர் அதையும் போட்டார்.

தர்ஷினிக்கு வந்த எண் யுகேந்திரனின் கைபேசிக்கு வந்தது.

இதே சாவடிதான். பதினான்கு மாதங்களுக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள். இருவரும் அம்பாசமுத்திரத்துக்கு, அவனுடைய பெற்றோர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் நான்கு வருடத்துக்குப் பிறகு வந்திருந்தான். தர்ஷினிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இருவரும் குழாயில் ஊதினார்கள். வண்டிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் திரைமுன் நின்றான்.

தர்ஷினி, வயது 29. நூற்றில் ஒன்பது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அவன் காரைப் பார்த்தான். அவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சம் தொண்ணூற்றொன்று இருக்கிறதே என்று நினைத்தான். எண்ணைப் போட்டான்.

“யார் பேரு வந்துச்சு?” என்று கேட்டாள்.

“யாரும் வரல.”

“அட. எனக்குத்தான் வரும்னு நெனச்சேன்.” சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

இருபத்திரண்டாம் நாள் இறந்துபோனாள்.

பெயர் வந்தவர் இறந்தால் மன்னிப்புச் சான்றிதழ் ஒன்றை, அந்தப் பயணத்தில் இல்லாத நெருங்கிய உறவினருக்கு அனுப்புவார்கள். பயணம் போனவர்மேல் வழக்கு வராமல் இருக்க அந்த ஏற்பாடு. தர்ஷினியின் அம்மா செல்வராணி அதை லேமினேட் செய்து மகளின் படத்துக்குக் கீழே வைத்தார். பதினாறாம் நாள் காரியத்தில் உறவினர் ஒருவர், ‘நெஞ்சு சரியில்லாத பிள்ளையை அவ்வளவு தூரம் எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்’ என்று தொடங்கினார். செல்வராணி எழுந்து நின்றார்.

“எம்பொண்ணு தெரிஞ்சேதான் போயிருக்கா. தன் பேரைப் பாத்துட்டு, தன் கையால மன்னிச்சிட்டுப் போயிருக்கா. இதுக்கு மேல மாப்ளைய யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

யுகேந்திரன் இலைமுன் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு சாத்தூருக்குப் போகவில்லை. எல்லை மூடியிருக்கிறது என்றான். இருமல் என்றான். ஆபீசில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றான். மூன்று நாளுக்கு முன் செல்வராணி அழைத்தார்.

“வருஷம் முடிஞ்சிருச்சு மாப்ள. இந்தப் பொங்கலுக்குப் பானை வைக்கலாம்னு மாமா சொல்றாக. நீங்க வந்தாத்தான் வைக்கணும்னு நான் சொல்லிட்டேன்.”

“பாக்குறேன் அத்தை. எல்லையில என்ன வருமோ.”

“வந்தா வரட்டும். அதை நான் பாத்துக்கிறேன். நீங்க கெளம்புங்க.”

அவன் கிளம்பிவிட்டான்.

முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, காவலர் ஜெபசீலி குழாயை நீட்டினார். யுகேந்திரன் ஊதினான். திரையில் சக்கரம் சுற்றியது.

காசிராஜன், மாமனார், வயது 63. நூற்றில் பதினொன்று.

இரண்டு ஸ்டென்ட் வைத்தவர். பதினொன்று பெரிய எண். அவனுக்கு உடம்பு லேசானது. இதைக் காட்டித் திரும்பிவிடலாம். மாமா பேர் வந்துவிட்டது அத்தை, மனசு கேட்கவில்லை என்று சொல்லலாம். நல்ல மாப்பிள்ளை என்றுகூடச் சொல்வார்கள். அப்படி நினைத்ததும் முகம் சுட்டது.

கைபேசியை எடுப்பதற்குள் திரை பச்சையானது. முன்மன்னிப்பு ஏற்கப்பட்டது. கம்பம் உயர்ந்தது.

“போங்க சார்,” என்றார் ஜெபசீலி. “குடுத்து வச்ச மாப்பிள்ளை. மாமனாரு ஒரு மூச்சு விடுறதுக்குள்ள போட்டுட்டாரே.”

அவன் நகரவில்லை. செல்வராணியை அழைத்தான்.

“அத்தை, மாமா பேரு வந்திருக்கு.”

“ஆமா, இப்பத்தான் நம்பர் வந்துச்சு. போட்டுட்டேன். வாங்க.”

“மாமாட்ட கேட்டீங்களா?”

“அவுககிட்ட என்னத்தக் கேக்க? மொட்டை மாடியில நின்னு சுண்ணாம்பு அடிக்காக. இறங்கி வரச் சொன்னா அதுக்கு ஒரு சண்டை. காதும் பாதிதான் கேக்கும்.”

“பதினொண்ணு வந்திருக்கு அத்தை.”

“போன தீவாளிக்கு இவுக தங்கச்சி குடும்பம் வந்தப்ப பதிமூணு. ஒண்ணும் ஆகல. நீங்க பயப்படாதீங்க.” குரல் தணிந்தது. “எல்லா வீட்லயும் இப்படித்தான் மாப்ள. வீட்டுக்கு ஒருத்தி போன வச்சிக்கிட்டு அமுக்கிக்கிட்டு இருக்கோம். எம்பொண்ணு மாதிரி பேரைப் பாத்து, நின்னு யோசிச்சு, சரின்னு தானே அமுக்குறவ லட்சத்துல ஒருத்தி. அதை நெனச்சுத்தான் நான் எந்திரிச்சு நடமாடுறேன்.”

பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது.

“அத்தை,” என்றான். “அவ அமுக்கல.”

“என்ன?”

“தர்ஷினி அமுக்கல. நம்பர் எனக்குத்தான் வந்துச்சு. நான் போட்டேன்.”

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியதும் செல்வராணி கேட்டார்.

“அவளுக்குத் தெரியும்ல?”

“தெரியாது. யார் பேருன்னு கேட்டா. யாரும் வரலேன்னு சொன்னேன்.”

“நூத்துக்கு எத்தனைன்னு—”

“தெரியாது அத்தை. எதுவும் தெரியாது.”

திட்டுவார் என்று காத்திருந்தான். காறித் துப்பட்டும் என்று காத்திருந்தான். செல்வராணி திட்டவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. படியேறுகிற மூச்சு கேட்டது. கதவொன்று திறந்தது. பிறகு, கைபேசியை முகத்திலிருந்து விலக்கி அவர் உரக்கக் கூப்பிட்டது கேட்டது.

“ஏங்க. அந்தப் பிரஷ்ஷைக் கீழ வைங்க.”

“இன்னும் ஒரு செவுருதான் கெடக்கு. மாப்ள வந்துட்டாரா?”

“எல்லையில நிக்காரு. உங்க பேரு வந்திருக்கு. நூத்துக்குப் பதினொண்ணு. அவரு வரட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

காசிராஜன் சிரித்தார். “என்னடி இன்னைக்குப் புதுசாக் கேக்குற?”

“கேக்கேன்ல. சொல்லுங்க.”

“இதுக்கு முந்தி என் பேரு வந்ததே இல்லைன்னு சொன்ன?”

“வந்துச்சு. ஆறு தடவ வந்துச்சு. நான்தான் அமுக்குனேன்.”

சிரிப்பு நின்றது. யுகேந்திரன் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தான். ஒருவரிடம் அவருடைய சாவைப் பற்றிக் கேட்டால் அவர் எப்படி யோசிப்பார் என்று அவன் இதுவரை அறிந்ததேயில்லை. காசிராஜனுக்கு யோசிக்க நேரம் ஆனது. பின்னால் நாலைந்து ஹார்ன்கள் சேர்ந்து அடித்தன. ஜெபசீலி அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

கைபேசி கைமாறியது.

“மாப்ள.”

“சொல்லுங்க மாமா.”

“கரும்பெல்லாம் வாங்கி வச்சிருக்கேன். உங்களுக்குன்னு வேட்டி சட்டை எடுத்திருக்கு.” தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. உங்களை வேணாங்கல. பதினொண்ணுங்கிறா இவ. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு.”

மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

“நீங்க சொன்னது சரிதான் மாமா. நான் திரும்பிடுறேன்.”

“வேட்டிய கூரியர்ல போடச் சொல்றேன். கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?”

“இல்ல மாமா.”

மறுபடி செல்வராணி பேசினார். அழுகை இல்லாத, தட்டையான குரல்.

“கேட்டா சொல்றாக, பாத்தீங்களா மாப்ள.”

“ம்.”

“அவளும் பயமா இருக்குன்னு சொல்லியிருப்பா. சின்னதுல மூச்சு இழுக்கும்போதெல்லாம் என் கையை விட மாட்டா. எனக்குத் தெரியும், அவ பயந்தவ. எப்படி நம்புனேன்னு தெரியல.”

அவன் பேசுவதற்குள் இணைப்பு துண்டானது.

ஜெபசீலி ஜன்னலில் குனிந்தார். “என்ன சார், ஏதும் பிரச்சினையா?”

“மறுப்பு பதியணும். அவருக்குச் சம்மதமில்லையாம்.”

“அதான் பச்சை விழுந்துடுச்சே.”

“அதைப் போட்டது அவர் இல்ல. அவர் வீட்டுக்காரம்மா.”

ஜெபசீலி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எல்லாம் அப்படித்தான் சார் போடுறாங்க. எங்க மாமியாருக்கு நான்தான் போடுறேன்.” பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். விரலால் எதையெதையோ தொட்டுப் பார்த்தார். “மறுப்பு எங்கருந்து பதியிறதுன்னு தெரியல. என்னை இங்க போட்டு ஒன்றரை வருஷமாச்சு, எனக்கு ஒண்ணுகூட வந்ததில்ல.”

மேலதிகாரியை அழைத்தார். சாவடிக்குள் யாரோ சிரித்தார்கள். திரும்பி வந்தார்.

“ஒருக்கா மன்னிச்சா மன்னிச்சதுதானாம் சார். மாத்த முடியாதாம். போறதுன்னா போங்க, திரும்புறதுன்னா திரும்புங்க.”

“எப்படித் திரும்புறது?”

பின்னால் நூறு வண்டி நின்றது. நடுவில் சிமென்ட் தடுப்பு.

“கம்பத்தைத் தாண்டித்தான் சார் போகணும். இருநூறு மீட்டர்ல ஒரு வளைவு வரும். அங்க திரும்பிக்கலாம்.”

அவன் தாண்டினான். பொறி வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டது. பயணம் நிகழ்ந்தது என்று கைபேசிக்குச் செய்தி வந்தது.

வளைவில் ஒரு மின்பலகை வைத்திருந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். அது திரும்புகிறவர்களின் பக்கம் பார்த்து நின்றது. பச்சை எழுத்துகள் வரிவரியாக ஓடின. விருதுநகர் மாவட்ட எல்லைச் சாவடிகளில் இதுவரை பெறப்பட்ட முன்மன்னிப்புகள்: 3,12,407. மறுப்புகள்: இல்லை. நம் குடும்பங்களின் பெருந்தன்மைக்கு நன்றி.

யுகேந்திரன் காரை ஓரம் கட்டி அதை இரண்டு முறை படித்தான். அந்த எண்ணில் காசிராஜன் ஏழு முறை இருந்தார். தர்ஷினி ஒரு முறை இருந்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி இலக்கம் மாறியது. பிறகு மறுபடி மாறியது.