தேரிமேட்டில் தண்ணீர் குடித்த வண்டி

"கால் மடங்கிட்டு. தண்ணி தீந்துட்டு. சீக்கிரம் வா!"

அண்ணன் கிங்ஸ்டனிடமிருந்து வந்த கடைசிச் செய்தி அது. கூடவே தான் கிடக்கும் இடத்தையும் அனுப்பியிருந்தான். அதன் பிறகு ஜெனிட்டா முப்பது தடவை அழைத்துவிட்டாள். போன் அணைந்தே கிடந்தது.

தேரிக்காட்டுச் செம்மணலில் புதைந்துபோன கல்மண்டபம் ஒன்றைத் தேடி, ஒரு பழைய வரைபடத்தோடு விடியற்காலையிலேயே தனியாகக் கிளம்பிவிட்டான் அந்த மகராசன். வண்டி வரட்டும், சேர்ந்து போகலாம் என்று தங்கை தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

வண்டி வந்தது பதினொரு மணிக்கு. பொள்ளாச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கார்வேந்தன், கிங்ஸ்டனின் நண்பர், தன் டர்போ டீசல் ஜீப்போடு வந்து சேர்ந்தார். செய்தியைப் பார்த்ததும் ஜெனிட்டாவை ஏற்றிக்கொண்டு மணலில் இறங்கினார்.

முதல் மேடு ஏறியாயிற்று. இரண்டாவதும் ஏறியாயிற்று. மூன்றாவது மேட்டின் பாதியில் எஞ்சின் திணறியது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி நகரவில்லை. பின்னால் வழுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கே வந்துவிட்டது. மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அடிவாரம்தான்!

"என்ன அண்ணே, இப்பிடிப் பண்ணுது?" ஜெனிட்டாவுக்கு அழுகை முட்டியது.

"இன்டர்கூலர் கொதிக்குதுங்க" என்றார் கார்வேந்தன், பானெட்டைத் திறந்தபடி. "டர்போ காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். அமுக்குனா காத்து சூடாகும். அதை ஆத்தி விடுறது இந்த அலுமினியப் பொட்டிதான். ரோட்டுல எதிர்காத்து அடிக்கும், ஆறிக்கும். இங்க ஆமை வேகத்துல காத்துக்கு எங்க போறது?"

"நடந்து போயிரலாமா?"

"நாலு கிலோமீட்டர், இந்த வெயில்ல! சரி, போயிட்டோம்னே வெச்சுக்குவோம். அவனை யாரு தூக்கியாறது?"

கார்வேந்தன் நெற்றியைச் சொறிந்தார். பிறகு சட்டென்று கண்ணாடி துடைக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கினார். அதன் நுனியை லைட்டரில் உருக்கி அடைத்தார். ஜெனிட்டாவின் துப்பட்டாவிலிருந்த ஊக்கை வாங்கி, குழாயில் வரிசையாகத் துளை போட்டார். அதை இன்டர்கூலர் மேல் கம்பியால் கட்டினார். சுவிட்சை இழுத்தால் தண்ணீர் பூவாய்த் தூவும்!

"கண்ணாடி துடைக்கிற தண்ணி டாங்க் காலியா இருக்குதுங்க. தண்ணி ஊத்துங்க!"

வண்டியில் இரண்டு கேன்கள் இருந்தன. ஐந்து லிட்டர் குடிதண்ணீர் அண்ணனுக்கு. அதை அவள் தொடமாட்டாள். "அந்த வெள்ளைக் கேன்ல என்ன அண்ணே?"

"அதுங்களா? தெளுவு" என்றார் அவர், குழாயை முறுக்கிய கையோடு, திரும்பிப் பார்க்காமல்.

தெளிவாக இருந்தால் நல்லதுதானே! அவ்வளவையும் டாங்க்கில் கவிழ்த்தாள்.

வேலை செய்தது! ஜீப் உறுமிக்கொண்டு முக்கால் மேடு வரை ஏறிவிட்டது. ஜெனிட்டா கைதட்டக்கூடச் செய்தாள். அப்போதுதான் அந்த வாசம் வந்தது. பானெட்டுக்குள் யாரோ கருப்பட்டி காய்ச்சுகிற வாசம்.

வண்டி முன்னைவிட மோசமாக இருமி நின்றது.

கார்வேந்தன் பாய்ந்து போய்த் திறந்தார். இன்டர்கூலர் முழுக்கப் பழுப்புப் பாகு! அதில் செம்மணல் அப்பிக் கிடந்தது. "என்னத்தைங்க ஊத்துனீங்க?"

"நீங்க சொன்னதத்தான்! தெளிவா இருக்குன்னு சொன்னீயள்லா?"

"தெளிவு இல்லீங்க, தெளுவு! பனைமரத்துத் தெளுவு! வர்ற வழியில வாங்குனது!"

"அது பதநி! எங்க ஊருக்கு வந்தா பதநின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" ஜெனிட்டா காலிக் கேனை மணலில் ஓங்கி எறிந்தாள். அவளுக்கு அவர் மேல் ஆத்திரம், அண்ணன் மேல் ஆத்திரம், மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்க்காத தன் மேல் எல்லாவற்றையும்விட ஆத்திரம். மணி பன்னிரண்டரை.

பாகைக் கழுவத் தண்ணீர் வேண்டும். இருப்பது அண்ணனுக்கான ஐந்து லிட்டர். செலவழித்தால் அவனுக்குக் குடிக்க இல்லை. செலவழிக்காவிட்டால் அவனிடம் போய்ச் சேரவே முடியாது. கார்வேந்தன் தலைகுனிந்து நின்றார். சொல்ல வேண்டியது அவள்தான்.

ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டாள். "மிச்சத்த ஊத்துங்க."

டாங்க்கில் மீதமிருந்த பதநியைப் பம்ப்பை ஓட்டிக் கொட்டினார்கள். பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் தேய்த்து மூன்று லிட்டரில் பாகைக் கழுவினார்கள். கடைசி ஒன்றரை லிட்டர் டாங்க்குக்கு.

"நான் சொன்னா மட்டும் இழுங்க!" என்றார் கார்வேந்தன், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. ஜீப் பாய்ந்தது. "இப்ப! போதும்! இப்ப! போதுங்க!" சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. எஞ்சின் தயங்கியது, முனகியது, ஏறியது! உச்சி தாண்டியபோது டாங்க்கில் ஒரு சொட்டு இல்லை.

அப்புறம் சரிவுதான். ஒரு உடைமுள் மரத்தடியில் கிங்ஸ்டன் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது! ஜெனிட்டா அவன் தலையை மடியில் தாங்கி மிடறு மிடறாகப் புகட்டினாள். பாட்டில் தீர்ந்ததும் அவன் கண்ணைத் திறந்தான்.

"இம்புட்டுத்தானா?"

"மிச்சத்த வண்டி குடிச்சிட்டு!" என்று கத்தியவள், அப்படியே உடைந்து அழுதாள். "ஒனக்கு வெச்சிருந்த தண்ணிய நாந்தான் ஊத்தினேன்."

"ஊத்தலன்னா நீ வந்திருக்க மாட்டல்லா" என்றான் அவன் மெதுவாக. பிறகு அந்த நிலையிலும் இளித்தான். "மண்டபத்துத் தூணு ரெண்டு பாத்துட்டேன்."

அவனை அடிக்கலாம்போல் இருந்தது அவளுக்கு. ஒருவருக்கொருவர் இருக்கிற தைரியத்தில் நண்பர்கள் இருவரும் அடுத்த பயணத்தைப் பற்றி வேறு பேசினார்கள். "அடுத்த தடவை கேன் மேல பேரெழுதி ஒட்டிருவேனுங்க, உங்க ஊர் பேரு, எங்க ஊர் பேரு ரெண்டையும்" என்றார் கார்வேந்தன். ஜெனிட்டா முறைத்தாள்.

வெயில் தாழ்ந்து எஞ்சின் ஆறிய பிறகு, நேரமானாலும் பரவாயில்லை என்று மேடுகளைச் சுற்றிக்கொண்டு, ஊர் எல்லையின் முதல் வீட்டை அடைந்தார்கள். அந்த வீட்டு அம்மா குடத்தோடு ஓடிவந்தார். கிங்ஸ்டன் மூன்று சொம்பு குடித்தான். நான்காவதை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தி, தங்கையைப் பார்த்தான்.

"நீ குடிச்சியா?"

செய்தி வந்ததிலிருந்து ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, மூச்சு விடாமல் குடித்தாள்.