விமலாவின் செல்கள்

வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதுதான் பவித்ரன் அதைக் கவனித்தான். மனைவி விமலாவின் சிலிப்பர் ஜோடி வாசலில் கிடந்தது. நீல வார், பெருவிரலுக்குக் கீழே தேய்ந்த பள்ளம், சந்தேகமே இல்லை. ஆனால் அதை அவன் தன் கையாலேயே சவப்பெட்டியில் அவள் காலடியில் வைத்திருந்தான். பெட்டியோடு அது எரிந்தும் போயிருந்தது. பதினாறாம் நாள் கருமாதி நேற்றுதான் முடிந்தது.

குமுதாவின் வேலையாக இருக்கும் என்று நினைத்தான். விமலாவின் அக்கா குமுதா, பள்ளிவிட்டு வரும் அவன் மகள் ஷாமினியைப் பார்த்துக்கொள்ள, ஈப்போவின் புந்தோங்கில் இருந்த அவன் வீட்டுக்குத் தினமும் வருவாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள். நிலையில் வேப்பிலை செருகுவாள், எட்டு வயதுப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் திருநீற்றுப் பொட்டலம் வைப்பாள். பவித்ரன் இந்தக் குப்பைகளையெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு பொறுத்துப்போனான். படிக்காத சனம், வேறென்ன செய்யும்?

"அக்கா, யாரு இத இங்க போட்டது?"

குமுதா எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நான் இல்ல தம்பி. நீங்க அங்க வச்சி வளக்கிறீங்களே, அதான்."

'அங்க' என்றால் ஈப்போவுக்கு வெளியே அவன் வேலை செய்யும் ஆய்வுக்கூடம். சூலகப் புற்றுநோயில் விமலாவின் வயிறு வீங்கியபோது வடித்தெடுத்த நீரில் ஒரு சிறு போத்தலை அவன் கேட்டு வாங்கி வந்தான். அதிலிருந்த புற்றுச் செல்களைக் குடுவைகளில் விட்டான். அவை அமோகமாக வளர்ந்தன. அந்தப் பெருமையைக் கருமாதிச் சாப்பாட்டின்போது வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தான். அதைக் கேட்ட பிறகு குமுதா சோற்றில் கை வைக்கவில்லை.

"அவ ஒடம்பு அங்க இன்னும் உயிரோட வளருதுன்னா, நாம யாருக்கு காரியம் செஞ்சோம் லா? போகவும் முடியாம வரவும் முடியாம நிக்கிறா. ஊத்திடுங்க தம்பி."

"அது விமலா இல்லக்கா, அவளோட நோய்" என்று சிரித்தான். "நல்ல செல்லு டிஎன்ஏவ காப்பி எடுக்கும்போது தப்பு வந்தா திருத்தும், முடியலன்னா செத்துப்போகும். இது மடையன். தப்போட தப்பா காப்பி எடுத்துக்கிட்டே போகும். நிறுத்தத் தெரியாது. அவ்ளோதான்."

செல்கள் மீதும் குமுதா மீதும் அவனுக்கு ஒரே அளவு இளக்காரம்தான்.

மறுநாள் வாசலில் இரண்டு ஜோடி கிடந்தன. இரண்டாவது ஜோடியில் இரண்டுமே இடக்கால். அதற்கும் மறுநாள் வந்தவற்றில் சிலவற்றுக்கு வார் அடிப்பக்கம் முளைத்திருந்தது. அவன் எல்லாவற்றையும் குப்பைப் பையில் அள்ளிக் கட்டினான். ரப்பரில் உடம்புச் சூடு இருந்தது, செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் இனிப்பும் புளிப்புமான வாடை விரல்களில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாமல் சாப்பாட்டுத் தட்டுவரை கூடவே வந்தது. மழை ஓய்ந்ததும் வெளியே ஈரக்கால்கள் தட்டித் தட்டி நடக்கும் சத்தம் கேட்டது. கால்கள் பல, நடை ஒன்று. பக்கத்து வீட்டுப் பையன்களின் சேட்டை என்று சொல்லிக்கொண்டான். நம்பவில்லை. பயந்துபோயிருந்தான்.

"அம்மா வெளிய நிக்கிறாங்கப்பா" என்றாள் ஷாமினி, சோற்றைப் பிசைந்தபடி. "நெறைய அம்மா. உள்ள வரவான்னு கேட்டாங்க."

அவன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். "நீ என்ன சொன்ன?"

"அப்பாவ கேக்கணும்னு சொன்னேன்."

அவனுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒருத்திதான். இவளையும் கொடுக்க அவனால் முடியாது.

விடிந்ததும் போய்க் குடுவைகளில் மருந்தை விட்டான். அது டிஎன்ஏவின் எழுத்தைப் போலவே இருக்கும் ஒரு போலி எழுத்து. வேகவேகமாக நகல் எடுக்கும் செல் அதை அசல் என்று நம்பிக் கோத்துக்கொள்ளும், அதற்கு மேல் கோக்க முடியாமல் நின்று சாகும். விமலாவின் உடம்பில் தோற்ற அதே மருந்து, இங்கே அளவு பாராமல் கொட்டியதால் ஜெயித்தது. செல்கள் சுருங்கி, உதிர்ந்து, மிதந்தன. "முட்டாள்களா" என்றான் அவற்றிடம்.

ஆனால் மருந்து விடுவதற்கு முன்பே அந்தச் செல்களில் ஒரு குப்பியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்தான். ஆய்வுக்கூடத்தில் எதையும் யாரும் அடியோடு அழிப்பதில்லை. ஒன்றை உறைய வைத்துக்கொண்டுதான் மற்றதில் கை வைப்பார்கள். பழக்கதோஷம். உறைந்தது பெருகாது, அதனால் என்ன வந்துவிடப் போகிறது? குமுதாவிடம் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டதாகச் சொன்னான். அவள் கண்ணில் நீர் வந்தது. அதன் பிறகு வாசல் காலியாகவே இருந்தது.

"பாத்தீங்களாக்கா? உங்க பேயும் மருந்துக்குத்தான் அடங்குது" என்று கேலி செய்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வந்தபோது குமுதா கேட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றிருந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"ஊத்தாம ஒன்ன மட்டும் வச்சிட்டீங்க, இல்ல?"

"ஷாமினி எங்கக்கா?"

"நீங்களே போய் பாருங்க லா. என்னால முடியல."

கதவு திறந்திருந்தது. சத்தமில்லை. அந்த வாடை மட்டும்.

மேசையில் ஷாமினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே ஷாமினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அதே சீருடை. அதே பின்னல்.

"அப்பா."

"அப்பா."

நகல் எது என்று தேடினான். திருத்திவிடலாம். ஒன்றை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம். ஒருத்தியின் இடக்கை அவன் மகளின் கை, சைக்கிளில் விழுந்த தழும்போடு. ஆனால் வலக்கையில் கட்டைவிரல் தப்பான பக்கம். மற்றவளின் வலக்கை அவன் மகளின் கை, பேனா பிடித்த காய்ப்போடு. இடக்கையில் நகங்களே இல்லை.

அவனுக்குப் புரிந்தது. டிஎன்ஏ பிரியும்போது அசல் என்று தனியாக ஒன்று மிஞ்சுவதில்லை. பழைய இரண்டு இழைகளில் ஒன்று இதற்கு. ஒன்று அதற்கு. மீதிப் பாதி இரண்டிலும் புதுசு.

"அம்மா உள்ள வந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி.

"ரெண்டாகுறதுக்கு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் மற்றவள்.

இருவரும் தங்கள் நல்ல கையை அவனிடம் நீட்டினார்கள். இருவருக்கும் நெற்றியின் நடுவிலிருந்து மூக்கு, உதடு, தாடை வழியாக மெல்லிய ஈரக்கோடு ஒன்று இறங்கியது. அவன் பார்க்கப் பார்க்க, அந்தக் கோடு பிளந்து இருபுறமும் விலகத் தொடங்கியது.